ஐரோப்பா ஃப்ளைட் லேட் ஆனா, கேன்சல் ஆனா நஷ்டஈடு வாங்குறது எப்படி: ஒவ்வொரு படியா

ஐரோப்பாவுல இருந்து கிளம்புற ஃப்ளைட் மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டா போய்ச் சேர்ந்தா, தப்பு ஏர்லைன்ஸ் பக்கம்னா, ஒரு ஆளுக்கு 250ல இருந்து 600 யூரோ வரைக்கும் கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. ஆனா கேக்காம யாரும் கொடுக்க மாட்டாங்க, கேட்டாலும் முதல் பதில் பெரும்பாலும் "முடியாது"ன்னு தான் வரும், அதோட நிறைய பேர் விட்டுடுறாங்க. எனக்கும் அப்படித்தான் ஒரு மறுப்பு ஈமெயில் வந்துச்சு, காரணம் ரெண்டே வரி, அதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. திரும்பத் திரும்ப எழுதி, கடைசில சமரச அமைப்புக்கு (கோர்ட்டுக்குப் போகாம பயணிக்கும் ஏர்லைன்ஸுக்கும் இடையில தகராறைத் தீர்த்து வைக்கிற இடம்) போன பிறகு முழுப் பணமும் வந்துச்சு. அந்த அலைச்சல்ல தெரிஞ்சுக்கிட்டதை எல்லாம் வரிசையா எழுதுறேன், நீங்க அவ்வளவு கஷ்டப்பட வேண்டாம்.

1. முதல்ல உங்க ஃப்ளைட் இந்த விதிக்குள்ள வருதான்னு பாருங்க

விதியோட பேரு 261/2004, ஐரோப்பிய ஒன்றியம் போட்டது, 2005 பிப்ரவரில இருந்து நடைமுறையில இருக்கு. நார்வே, ஐஸ்லாந்து, சுவிட்சர்லாந்துக்கும் சேர்த்து தான். பிரிட்டன் வெளிய போன பிறகு கிட்டத்தட்ட இதையே தன்னோட சட்டமா வச்சிருக்கு, அதை யூகே 261னு சொல்றாங்க.

ஐரோப்பிய ஒன்றிய ஏர்போர்ட்ல இருந்து கிளம்புனா எந்த நாட்டு ஏர்லைன்ஸா இருந்தாலும் செல்லும். வெளிய இருந்து ஐரோப்பாவுக்கு வர்றப்போ மட்டும், ஃப்ளைட்டை ஓட்டுறது ஐரோப்பிய ஏர்லைன்ஸா இருக்கணும். இங்க தான் நம்ம ஆளுங்க நிறைய பேர் ஏமாந்து போறாங்க. ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து தோஹா வழியா சென்னைக்கு கத்தார் ஏர்வேஸ்ல ஒரே புக்கிங்ல போறீங்கன்னா, தோஹாவுல லேட் ஆனாலும் முழுப் பயணமும் விதிக்குள்ள வரும். அதே டிக்கெட்ல திரும்பி வர்றப்போ சென்னை, தோஹா, ஃப்ராங்க்ஃபர்ட்னு லேட் ஆனா இந்த விதி செல்லாது. லுஃப்தான்சா மாதிரி ஐரோப்பிய ஏர்லைன்ஸ் ஓட்டுற ஃப்ளைட்ல திரும்புனா செல்லும். ஊருக்குப் போக டிக்கெட் எடுக்குறப்பவே இதையும் யோசிச்சு எடுங்க, விலை பக்கத்துல பக்கத்துல இருந்தா எனக்கு இதுவே முடிவு பண்ற காரணம்.

பிரிட்டனுக்கும் இதே மாதிரி தான். அங்கிருந்து கிளம்புற எல்லா ஃப்ளைட்டும், அங்க வந்து இறங்குற பிரிட்டிஷ் இல்ல ஐரோப்பிய ஏர்லைன்ஸ் ஃப்ளைட்டும் உள்ள வரும்.

இன்னொண்ணு, கோட்ஷேர். டிக்கெட்ல ஒரு கம்பெனி பேரு இருக்கும், ஓட்டுறது வேற கம்பெனியா இருக்கும். கிளெய்ம் எப்பவும் ஓட்டுன கம்பெனி மேல தான் போடணும். கனெக்ஷன் ஃப்ளைட்னா எல்லாம் ஒரே புக்கிங்ல இருக்கணும், காசு கம்மின்னு தனித்தனியா ரெண்டு டிக்கெட் எடுத்து, முதல் ஃப்ளைட் லேட்டாகி ரெண்டாவது போயிடுச்சுன்னா அந்த ரெண்டாவது டிக்கெட்டுக்கு இந்த விதியில யாரும் பொறுப்பில்ல.

2. ஏர்போர்ட்ல இருக்கும்போதே ஆதாரம் சேர்த்து வைங்க

இந்தப் படியை மட்டும் தள்ளிப் போடாதீங்க, வீட்டுக்கு வந்த பிறகு இதுல பாதி கிடைக்காது.

போர்டிங் பாஸ் பேப்பர்ல இருந்தா தூக்கிப் போடாதீங்க, போன்ல இருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுங்க, பயணம் முடிஞ்சதும் சில ஆப்ல அது காணாம போயிடும். புக்கிங் கன்ஃபர்மேஷன் ஈமெயில், பிஎன்ஆர் நம்பர், டிக்கெட் நம்பர் எல்லாம் ஒரே ஃபோல்டர்ல போடுங்க. லேட்டுன்னு வர்ற எஸ்எம்எஸ், ஆப் நோட்டிஃபிகேஷன் எல்லாத்துக்கும் ஸ்கிரீன்ஷாட். டிஸ்ப்ளே போர்டை நேரம் தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, உங்க ஃப்ளைட் மட்டும் இல்லாம மத்த ஃப்ளைட்டும் தெரியுற மாதிரி. பின்னால "வானிலை சரியில்ல"ன்னு சொன்னாங்கன்னா, அதே நேரத்துல பக்கத்து கேட்ல இருந்து மத்த ஏர்லைன்ஸ் எல்லாம் கிளம்பிப் போனதுக்கு அந்த போட்டோ தான் சாட்சி.

கவுன்ட்டர்ல போய் லேட்டுக்குக் காரணம் என்னன்னு கேளுங்க, எழுத்துல கேளுங்க. எழுதித் தர மாட்டேன்னா நீங்களே அவங்க சொன்னதை, நேரத்தோட, உங்களுக்கே ஒரு ஈமெயிலா அனுப்பி வைங்க. பைலட் மைக்ல சொல்றதையும் குறிச்சு வைங்க. கேட்ல "டெக்னிக்கல் பிராப்ளம்"னு சொல்லிட்டு, கிளெய்ம் போட்ட பிறகு "ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோல்"னு காரணம் மாறுறது சாதாரணமா நடக்குது.

போய்ச் சேர்ந்த நேரம்னா சக்கரம் தரையில பட்ட நேரம் இல்ல. ஃப்ளைட் கதவு ஒண்ணாவது திறந்து, ஆளுங்க இறங்கலாம்னு ஆன நேரம் தான் கணக்குன்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2014ல தீர்ப்பு சொல்லியிருக்கு. ரெண்டு மணி ஐம்பத்தஞ்சு நிமிஷத்துல தரையிறங்கி, பத்து நிமிஷம் கழிச்சு கதவு திறந்தா நீங்க மூணு மணி நேரத்தைத் தாண்டிட்டீங்க. கதவு திறக்குறப்போ போன்ல மணியைப் பாத்து ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.

ஃப்ளைட்ரேடார்24 மாதிரி தளத்துல உங்க ஃப்ளைட் நம்பரைப் போட்டு, அந்த விமானம் அன்னிக்கு காலையில இருந்து எங்கெல்லாம் போச்சுன்னு பாத்து சேவ் பண்ணுங்க, இலவசமா சில நாள் வரைக்கும் தான் பழைய விவரம் தெரியும், அதனால உடனே.

3. சாப்பாடு, ஹோட்டல்: இது தனி உரிமை, காரணம் எதுவா இருந்தாலும் உண்டு

நஷ்டஈடு வேற, இது வேற. புயலா இருந்தாலும், ஸ்ட்ரைக்கா இருந்தாலும் காத்துக் கிடக்குற ஆளை ஏர்லைன்ஸ் பாத்துக்கணும். 2010ல ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால வானமே மூடிக் கிடந்தப்போ கூட இந்தக் கடமை இருந்துச்சுன்னு 2013ல தீர்ப்பு வந்துச்சு.

1500 கிலோமீட்டர் வரைக்கும் உள்ள ஃப்ளைட்னா கிளம்புறது 2 மணி நேரம் லேட்டானதும், 3500 வரைக்கும்னா (ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளயே போனா 1500க்கு மேல எவ்வளவு தூரம்னாலும்) 3 மணி நேரத்துல, அதுக்கு மேலன்னா 4 மணி நேரத்துல சாப்பாடு, குடிக்க தண்ணி, ரெண்டு போன் கால் இல்ல ஈமெயில் வசதி தரணும். ராத்திரி தங்க வேண்டி வந்தா ஹோட்டலும், அங்க போக வர வண்டியும் அவங்க செலவு. 5 மணி நேரம் லேட்டுன்னா "நான் போகல, டிக்கெட் காசைக் கொடுங்க"ன்னு சொல்லலாம்.

கவுன்ட்டர்ல யாரும் இல்ல, கூப்பன் தரலன்னா நீங்களே நியாயமான விலையில வாங்கி பில்லை வச்சுக்கோங்க. கார்டு ஸ்லிப் மட்டும் போதாது, என்ன வாங்குனீங்கன்னு தெரியுற பில் வேணும். மது பில்லுக்குக் காசு வராதுன்னு வச்சுக்கோங்க. அஞ்சு நட்சத்திர ஹோட்டல்ல ரூம் போட்டுட்டு கேட்டா வெட்டிடுவாங்க, ஏர்போர்ட் பக்கத்துல சாதாரண ஹோட்டல் போதும்.

விசா விஷயம் நம்மள மாதிரி பாஸ்போர்ட்காரங்களுக்கு முக்கியம். ஷெங்கன் விசா இல்லாம ட்ரான்சிட்ல மாட்டிக்கிட்டா, வெளிய ஹோட்டல் கூப்பன் கொடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. கவுன்ட்டர்ல முதல்லயே "எனக்கு விசா இல்ல"ன்னு சொல்லி, ட்ரான்சிட்டுக்கு உள்ளயே தங்குற இடம் கேளுங்க, இல்லன்னா எல்லைப் போலீஸ்கிட்ட அவங்களையே பேசச் சொல்லுங்க. வயசானவங்க தனியா பயணம் பண்றாங்கன்னா இந்த ஒரு வரியை இங்கிலீஷ்ல எழுதி அவங்க கையில கொடுத்து அனுப்புங்க.

4. கேன்சல் ஆனா: ரீஃபண்ட் பட்டனை அவசரப்பட்டு அழுத்தாதீங்க

ஃப்ளைட் கேன்சல்னு மெசேஜ் வரும், கூடவே ரீஃபண்டுக்கு ஒரு லிங்க். அதை அழுத்திட்டீங்கன்னா மாற்று ஃப்ளைட், ஹோட்டல், சாப்பாடு எல்லாத்துக்கும் அவங்க பொறுப்பு அதோட முடிஞ்சது. அடுத்த நாள் டிக்கெட் மூணு மடங்கு விலையில இருக்கும், அதை நீங்க தான் வாங்கணும்.

உங்களுக்கு ரெண்டுல ஒண்ணைக் கேக்குற உரிமை இருக்கு: முழு டிக்கெட் பணம் 7 நாளுக்குள்ள, இல்லன்னா கூடிய சீக்கிரம் போய்ச் சேர மாற்று வழி. அந்த மாற்று வழி அவங்களோட சொந்த ஃப்ளைட்டா தான் இருக்கணும்னு இல்ல, வேற கம்பெனியில சீட் இருந்தா அதுலயும் கேக்கலாம். "மூணு நாள் கழிச்சு தான் எங்க ஃப்ளைட் இருக்கு"ன்னு சொன்னா, போன்ல நீங்களே தேடி, இன்னிக்கு சாயங்காலம் இந்த ஃப்ளைட் இருக்கு, இதுல போடுங்கன்னு நம்பரோட காட்டுங்க. அவங்க எந்த வழியும் தராம கைவிட்டாங்கன்னா, நீங்க கேட்டதுக்கு எழுத்துல ஆதாரம் வச்சுக்கிட்டு, நியாயமான விலையில டிக்கெட் வாங்கி அந்தக் காசைப் பின்னால கேக்கலாம்.

வவுச்சர் கொடுத்தா வாங்கணும்னு கட்டாயம் இல்ல. நீங்க ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டா தான் வவுச்சர் செல்லும், இல்லன்னா பணமா தான் தரணும். கூட்டத்துல ஒரு பேப்பரை நீட்டி கையெழுத்து கேட்டா படிக்காம போடாதீங்க.

5. எவ்வளவு பணம் வரும்

1500 கிலோமீட்டர் வரைக்கும் 250 யூரோ. 1500ல இருந்து 3500 வரைக்கும் 400, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளயே போனா 1500க்கு மேல எவ்வளவு தூரம்னாலும் 400 தான். அதுக்கு மேல 600, ஆனா இந்த நீண்ட தூரத்துல 3 மணி நேரத்துக்கும் 4 மணி நேரத்துக்கும் இடைப்பட்ட லேட்டுன்னா பாதியா 300 தரலாம். பிரிட்டன்ல இதே வரிசையில 220, 350, 520 பவுண்ட்.

தூரம்னா நேர்க்கோட்டு தூரம், முதல்ல கிளம்புன ஊர்ல இருந்து கடைசியா சேர வேண்டிய ஊர் வரைக்கும். பாரிஸ்ல இருந்து கனெக்ஷன்ல கொழும்பு போறீங்க, முதல் சின்ன ஃப்ளைட் லேட்டாகி கனெக்ஷன் போயிடுச்சுன்னா, கணக்கு பாரிஸ் டு கொழும்பு, அதாவது 600. சின்ன ஃப்ளைட்டுக்கு மட்டும் 250 தர்றேன்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

டிக்கெட் விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 30 யூரோ டிக்கெட்டுக்கும் 250 வரும். ஆளுக்கு ஒண்ணுங்கிறதால, சீட் வாங்குன குழந்தைக்கும் சேர்த்து நாலு பேர் குடும்பம் நீண்ட தூரம் போனா 2400 யூரோ. ஒரு சம்பளம் அளவுக்கான பணம், விட்டுடாதீங்க.

கேன்சலுக்கு: 14 நாளோ அதுக்கு மேலயோ முன்னாடி சொல்லிட்டாங்கன்னா நஷ்டஈடு இல்ல. 7ல இருந்து 14 நாளுக்குள்ள சொன்னா, மாற்று ஃப்ளைட் 2 மணி நேரத்துக்கு மேல முன்னாடி கிளம்பாமலும், 4 மணி நேரம் லேட் ஆகுறதுக்குள்ள சேர்ற மாதிரியும் இருந்தா நஷ்டஈடு இல்ல. 7 நாளுக்கும் கம்மின்னா அந்தக் கணக்கு 1 மணி நேரம், 2 மணி நேரம். முன்னாடியே சொன்னோம்னு நிரூபிக்க வேண்டியது ஏர்லைன்ஸ். ஏஜென்ட் மூலமா டிக்கெட் எடுத்து, ஏர்லைன்ஸ் ஏஜென்ட்டுக்குச் சொல்லி, ஏஜென்ட் உங்களுக்குச் சொல்லலன்னா கூட ஏர்லைன்ஸ் தான் கொடுக்கணும்னு 2017ல தீர்ப்பு இருக்கு. ஏஜென்ட்கிட்ட எடுக்குறவங்க இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

6. "அசாதாரண சூழ்நிலை"ன்னு சொன்னா அப்படியே நம்பிடாதீங்க

மறுப்புக் கடிதம் எல்லாத்துலயும் இருக்குற வார்த்தை இது. உண்மையிலேயே அசாதாரணம்னா பணம் இல்ல, அது சட்டம் தான். மோசமான வானிலை, ஏர் ட்ராஃபிக் கன்ட்ரோல்காரங்க ஸ்ட்ரைக், பாதுகாப்பு மிரட்டல், விமானத்துல பறவை மோதுறது, இதெல்லாம் அந்த வகை.

ஆனா இன்ஜின்ல, பார்ட்ஸ்ல வர்ற சாதாரணக் கோளாறு அந்த வகையில சேராது, 2008லேயே தீர்ப்பு ஆயிடுச்சு. ஏர்லைன்ஸோட சொந்த ஊழியர்கள் சம்பளத்துக்காக ஸ்ட்ரைக் பண்ணாலும் சேராதுன்னு 2021ல சொன்னாங்க. பைலட்டுக்கு உடம்பு சரியில்லாம போனாலும் சேராதுன்னு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024ல சொல்லியிருக்கு. ஆள் பத்தல, முந்தின ஃப்ளைட் லேட், "ஆபரேஷனல் ரீசன்ஸ்", இதெல்லாம் அதுவா ஒரு காரணமே ஆகாது. முந்தின ஃப்ளைட் ஏன் லேட்டுன்னு கேக்கணும், அதுக்குக் காரணம் புயல்னா அவங்க பக்கம் நியாயம் இருக்கலாம், கோளாறுன்னா உங்க பக்கம்.

காரணம் அசாதாரணம்னு காட்டுனா மட்டும் போதாது, அதைத் தவிர்க்க எங்களால முடிஞ்சதை எல்லாம் செஞ்சோம்னும் காட்டணும், ரெண்டையும் நிரூபிக்க வேண்டியது அவங்க தான். அதனால மறுப்பு வந்தா "எந்த நேரத்துல, எந்த ஏர்போர்ட்ல, என்ன நடந்துச்சு, ஆவணம் காட்டுங்க"ன்னு ஒரு வரி எழுதிக் கேளுங்க. எனக்கு மறுபடி அனுப்புன பதில்ல ஆவணம் ஒண்ணும் வரல, அதுவே பின்னால எனக்குச் சாதகமா ஆச்சு.

7. கிளெய்ம் எழுதுறது

முதல்ல ஏர்லைன்ஸோட வெப்சைட்ல இருக்குற ஃபார்ம்ல நீங்களே போடுங்க, இதுக்கு ஒரு காசும் செலவில்ல. ஃபார்ம் அனுப்புறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ஷாட், வந்த கேஸ் நம்பரை எழுதி வைங்க.

எழுத வேண்டியது சுருக்கமா இவ்வளவு தான்: எல்லா பயணிகள் பேரும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே, பிஎன்ஆர், ஃப்ளைட் நம்பர், தேதி, சேர வேண்டிய நேரம், சேர்ந்த நேரம், "261/2004 விதியின் 7வது பிரிவுப்படி ஒரு ஆளுக்கு இவ்வளவு, மொத்தம் இவ்வளவு", பேங்க் விவரம், 14 நாள் கெடு. சாப்பாடு ஹோட்டல் செலவை 9வது பிரிவுன்னு தனித் தலைப்புல, பில்லோட கேளுங்க, ரெண்டையும் ஒண்ணாக் கலந்தா ஒண்ணை மட்டும் கொடுத்துட்டு கேஸை மூடிடுவாங்க. கோபமா பக்கம் பக்கமா எழுத வேண்டாம், படிக்க மாட்டாங்க.

பணம் வேற ஆள் அக்கவுன்ட்டுக்கு வரணும்னா அவங்க கையெழுத்து போட்ட அனுமதிக் கடிதம் கேப்பாங்க. ஊர்ல இருக்குற அப்பா அம்மாவுக்காக நீங்க கேக்குறீங்கன்னா அதை முதல்லயே வாங்கி வைங்க, இல்லன்னா வாரக்கணக்குல இழுக்கும்.

8. மறுத்தா, இல்ல பதிலே வரலன்னா

பிரிட்டன்ல 8 வாரம் காத்திருக்கணும், இல்லன்னா "இதுதான் எங்க இறுதி முடிவு"ன்னு அவங்க கடிதம் தரணும், அதுக்குப் பிறகு அந்த ஏர்லைன்ஸ் சேர்ந்திருக்குற சமரச அமைப்புக்குப் போகலாம், செடர், ஏவியேஷன் ஏடிஆர்னு ரெண்டு இருக்கு. எதுலயும் சேராத ஏர்லைன்ஸ்னா சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டிகிட்ட போகலாம். ஜெர்மனில ரெண்டு மாசம் கழிச்சு ஷ்லிஷ்டுங்ஸ்ஷ்டெல்லெ ரைஸே உண்ட் ஃபெர்கேர்ங்கிற சமரச அமைப்புக்குப் போகலாம், பயணிக்கு இலவசம், ஆன்லைன்லயே போடலாம், மாசக்கணக்குல ஆகலாம் பொறுமை வேணும். அங்க இருக்குற விமானத் துறை அலுவலகம் ஏர்லைன்ஸுக்கு அபராதம் போடுமே தவிர உங்க பணத்தை வாங்கித் தராது, அங்க புகார் கொடுத்துட்டு சும்மா காத்திருக்காதீங்க.

இதுவும் சரியா வரலன்னா கோர்ட். ஐரோப்பாவுக்குள்ள ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டு கம்பெனி மேல 5000 யூரோ வரைக்கும் சிறு வழக்கு நடைமுறை இருக்கு, ஃபார்ம் நிரப்பி அனுப்புறது தான், வக்கீல் கட்டாயம் இல்ல. கோர்ட் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும், ஜெயிச்சா பொதுவா அதையும் எதிர்த்தரப்பு தான் தரணும். ஃப்ளைட் கிளம்புன ஊர், சேர்ந்த ஊர், ரெண்டுல எதுலயும் வழக்குப் போடலாம்.

கிளெய்ம் வாங்கித் தர்றோம்னு சொல்ற கம்பெனிங்களைப் பத்தி: பணம் வந்தா மட்டும் தான் கமிஷன், ஆனா அது கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்கு மேல போகும், கோர்ட் வரைக்கும் போனா பாதி வரைக்கும் எடுக்குறவங்க இருக்காங்க. 600ல 300 அவங்களுக்கு. மொழி சுத்தமா தெரியாது, நேரமே இல்லைன்னா சரி, இல்லன்னா முதல் கடிதத்தையும் சமரச அமைப்பையும் நீங்களே முயற்சி பண்ணுங்கன்னு தான் நான் சொல்வேன். ஒருதடவை அவங்ககிட்ட கையெழுத்துப் போட்டுட்டா, பிறகு ஏர்லைன்ஸ் நேரா உங்களுக்குக் கொடுத்தாலும் கமிஷன் கேப்பாங்க.

9. காலக்கெடு

எந்த நாட்டு கோர்ட்டோ அந்த நாட்டுச் சட்டம். இங்கிலாந்துல 6 வருஷம், ஃப்ரான்ஸ்ல 5, ஜெர்மனில 3, நெதர்லாந்துல 2, போலந்துல 1 வருஷம் தான். ஜெர்மனில மட்டும் அந்த வருஷக் கடைசில இருந்து எண்ணுவாங்க, 2024 மார்ச்ல லேட் ஆன ஃப்ளைட்டுக்கு 2027 டிசம்பர் 31 வரைக்கும் நேரம் இருக்கு. அதனால பழைய பயணத்தையும் ஈமெயில்ல தேடிப் பாருங்க, கெடு தாண்டாம இருந்தா இப்பவும் கேக்கலாம். இந்த விதியை மாத்தணும்னு ஐரோப்பாவுல பல வருஷமா பேச்சு நடக்குது, அதனால போடுறதுக்கு முன்னாடி உங்க பயணத் தேதிக்கு எந்த விதி செல்லும்னு ஒருதடவை பாத்துக்கோங்க.

10. இந்த விதிக்குள்ள வராத ஃப்ளைட்னா

முதல்ல சொன்ன அந்த சென்னை, தோஹா, ஃப்ராங்க்ஃபர்ட் மாதிரி பயணத்துக்கு மான்ட்ரியல் ஒப்பந்தம் இருக்கு. நாடுகளுக்கு இடையில பறக்குற பெரும்பாலான ஃப்ளைட்டுக்கு அது செல்லும். இதுல 600 யூரோன்னு நிலையான தொகை கிடையாது, லேட்டால உங்களுக்கு உண்மையில என்ன செலவு ஆச்சுன்னு பில்லோட காட்டணும்: வீணாப் போன ஹோட்டல் புக்கிங், தனியா எடுத்த ரயில் டிக்கெட், சாப்பாடு. ரெண்டு வருஷத்துக்குள்ள வழக்குப் போடணும். பெட்டி லேட்டா வந்தாலும் இதே ஒப்பந்தம் தான், பெட்டி கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல புகார் கொடுக்கணும், பெட்டி உடைஞ்சிருந்தா 7 நாள். ஏர்போர்ட்டை விட்டு வெளிய வர்றதுக்கு முன்னாடி பேகேஜ் கவுன்ட்டர்ல ரிப்போர்ட் போட்டு அந்த நம்பரை வாங்கிக்கோங்க, ஆனா அந்த ரிப்போர்ட்டோட நிறுத்திடாம தனியா ஏர்லைன்ஸுக்கு ஈமெயிலும் அனுப்புங்க.